கொழுந்து நிரையில் அக்கா கற்ற ஆங்கிலம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஆங்கில வினைச்சொல்லின் வாலிலும் ஓர் 'எட்' ஒட்டினால் அது நேற்றைய காரியமாகிவிடும் என்று நம்பியவன் நான். ஒருநாள் தோட்டத்துரையிடமே 'போனேன்' என்பதற்கு "ஐ கோட்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டுத் தம் நாயிடம் பேசப் போய்விட்டார்.

ஓராண்டுக்கு முன் காலமான அக்காவால் அப்படி நம்பிச் சும்மா இருக்க முடியவில்லை. இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயமொன்றில் பிறந்து, அப்பா அம்மா இருவரையும் இழந்தபின் தொழிலாளியாகப் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்சம்மாவுக்கு உதவியாள் தேவை, டாக்டரிடம் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும், தேறினால் மறுநாளே ஆஸ்பத்திரி விடுதியில் சேரலாம் என்று தெரிந்ததுமுதல் எனக்கு ரொட்டி தட்டிக் கொடுக்கும் நேரம் போக லயத்து வாசலில் நடந்துகொண்டே இருந்தார். தவறினால் ஆயுளுக்கும் கூடைதான்.

"'எட்' போட்டா முடிஞ்சிச்சுக்கா" என்றேன்.

"'கேளு'ன்னா கேட்டான், 'நில்லு'ன்னா நின்னான், 'வா'ன்னா வந்தான். எல்லாத்துக்கும் ஒரே வாலாடா ஒட்டுற? இங்கிலீசும் அப்படித்தான். கூட்டங்கூட்டமாப் பிரிச்சுப் பழகணும்."

பிரித்தார். மலையில் ஒரு தேயிலை நிரை முழுக்க நடுவில் உருமாறும் சொற்கள்: சிங், சேங், சங்; டிரிங்க், டிராங்க், டிரங்க். அடுத்த நிரையில் கட், புட் போன்ற அசையாத பிடிவாதக்காரர்கள். 'கோ'வுக்கு 'வென்ட்' என்று ஒட்டுறவே இல்லாதவற்றுக்குக் கடைசி நிரை. அக்கா முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க, பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவும் மற்றப் பெண்களும் மீதியைச் சொல்வார்கள்.

"கொழுந்தெடுக்க வந்தீங்களா, கச்சேரி வைக்க வந்தீங்களா?" என்று மேற்பார்வைக்கு நிற்கும் கங்காணி கத்துவார்.

"வாய்தான பாடுது கங்காணியாரே, கை நிக்குதா?" என்பார் மாரியாயி அக்கா.

அக்காவின் கடைசி நாட்களில் முறைவைத்துப் பக்கத்தில் இருந்தவர்களும் அந்தப் பெண்களே. நேரில் நன்றி சொன்னால் கேலி செய்வார்கள். அதனால் அச்சில் வணங்குகிறேன்.

தேர்வு நாளில் டாக்டர் அறையின் ஜன்னலுக்கு வெளியே நிலைகொள்ளாமல் நின்றேன். உள்ளே அக்கா மரியாதையாகக் கைகட்டி நின்றார். டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். மறுபடி கேட்டார், அக்கா கட்டிய கையை இறுக்கிக்கொண்டார். கொழுந்து கிள்ளும் கை ஓடாமல் அக்காவுக்குச் சொல் ஓடாதே! செய்வதறியாமல் நான் காற்றில் கொழுந்து பறிக்கத் தொடங்கினேன். எவனோ கிறுக்கன் என்று காவலாளி ஓடி வருவதற்குள் அக்கா பார்த்துவிட்டார். கைக்கட்டு அவிழ்ந்தது. விரல்கள் சேலைத் தலைப்பைக் கிள்ளக் கிள்ள, வாயும் திறந்தது.

வெளியே வந்தவரிடம், "என்னக்கா ஆச்சு?" என்று பதறினேன்.

"நாளையிலேருந்து ரொட்டிய நீயே தட்டிக்கடா."