ஜெசிந்தாவின் கடைசிக் கேள்வி

ஜெசிந்தா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய உறவினர் அல்ல, பல்கலைக்கழகமும் அல்ல. சுருவிலில் இருக்கும் அருளப்பு என்ற கடற்றொழிலாளி. எங்கள் ஆய்வில் பல வருடங்களாக ஓர் எண்ணாக இருந்த மனிதர். காலையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நிற்கையில் அழைப்பு வந்தது. "பிள்ளை, மிஸ் நேற்று வாறன் எண்டவ. வரேல்லை. சொன்னால் வாற ஆள். எனக்கு மனம் கேக்கேல்லை, விடியவே பஸ்ஸைப் பிடிச்சுக் கரம்பொனுக்கு மிஸ்ஸின்ர வீட்டை போனனான்," என்றார். "குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில கிடந்தவ. ஒண்டும் செய்ய ஏலாது பிள்ளை. முடிஞ்சுது."

மாரடைப்பு என்று டொக்டர் எழுதினார். அறுபதைத் தொடாத வயது. கரம்பொன் கோயிலில் அடக்கப் பூசையன்று என்னோடு நின்றவர்களுக்காகவும், வர முடியாமல் போன அவருடைய மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். புகழ்மாலை கட்ட எனக்கு வராது. அவருக்கும் அது பிடிக்காது. செத்தவீட்டுப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், என் காதுக்குள், "செத்தவீட்டிலதான் எல்லாரும் சராசரிக்கு மேல நிக்கினம், கவனிச்சனீரோ?" என்பார். அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது எனக்கு அந்த நினைவுதான் வந்தது. பக்கத்தில் சொல்ல ஆளில்லை.

அவர் புள்ளிவிபரவியல் படித்தவர், நான் சமூகவியல். ஆட்களோடு கதைப்பது என் வேலை, அவர்கள் சொன்னதை எண்ணாக்கிக் கணினிக்குள் போடுவது அவர் வேலை. தீவுகளில் தனியே வாழும் முதியவர்களின் உடல்நலத்தைப் பற்றிய ஆய்வு அது. வயது, பிரஷர், சீனி வருத்தம், சுருட்டு, சாராயம், ஆஸ்பத்திரிக்கு உள்ள தூரம் எல்லாவற்றையும் சேர்த்து, இப்படிப்பட்ட ஒருவர் அடுத்த சில வருடங்களுக்குள் இறந்துபோக எவ்வளவு சாத்தியம் என்று சொல்லும் ஒரு கணக்கு. அதை மாதிரியுரு என்பார்கள். "இது ஒராளைப் பற்றி ஒண்டும் சொல்லாது. அந்த ஆளைப் போல நூறு பேரைப் பற்றித்தான் சொல்லும்," என்று ஜெசிந்தா வகுப்பில் சொல்வதைப் பலர் கேட்டிருப்பீர்கள். சொல்லிவிட்டு அந்த ஒரு ஆளைப் பற்றியே நாள் முழுதும் யோசித்துக்கொண்டிருப்பார்.

வினாக்கொத்தின் கடைசிக் கேள்வி அவருடையது. "நீங்கள் ஒரு நாள் முழுக்க வெளியில வராட்டி, உங்களை ஆர் முதல் தேடுவினம்?" இதைக் கேட்கவேண்டாம் என்று நான் மன்றாடினேன். தனியே இருக்கும் கிழடுகளிடம் கேட்கும் கேள்வியா இது? ஜெசிந்தா மசியவில்லை. நெடுந்தீவில் ஞானம்மா என்று ஓர் அம்மா, ஆடு வளர்த்துக்கொண்டு ஒற்றையாக இருந்தவர், மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் எழுந்து நின்றார். "என்ன பிள்ளையள், செத்தவீட்டுக்கு முன்கூட்டியே வந்தனீங்களோ? எழும்புங்கோ," என்று வாசற்படலைவரை எங்களைக் கலைத்துக்கொண்டு வந்தார். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். ஜெசிந்தா அந்த இடத்தில் 'பதில் இல்லை' என்று குறித்துவிட்டு, பனங்கூடலுக்குள் நின்று தண்ணீர் குடித்தார்.

முதல் சில வருடங்களின் கணக்குப் போட்டு முடிந்தபோது, சீனியையும் பிரஷரையும்விட இறப்போடு நெருங்கி நின்றது அந்தக் கடைசிக் கேள்விதான். ஒரு பெயரைச் சொன்னவர்கள் உயிரோடு இருந்தார்கள். 'ஒருத்தரும் இல்லை' என்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்த அன்று ஜெசிந்தா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கணினியை மூடிவிட்டு, "வீட்டை போவம் கலா, இண்டைக்கு இவ்வளவு காணும்," என்றார்.

எந்தப் பெயரைப் பெயராக எடுப்பது என்பதில் அவர் வலு கறார். சரவணையில் தங்கராசா அண்ணை என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் இருக்கிறார். மகன் கனடாவில். வீட்டின் மூலைக்கு மூலை கமரா பூட்டி, அங்கிருந்தபடியே தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தேடுவது யார் என்று கேட்டபோது தங்கராசா அண்ணை பெருமையாக மேலே கையைக் காட்டி, "மகன் பாத்துக்கொண்டுதானே இருக்கிறார்," என்றார். ஜெசிந்தா நிமிர்ந்து கமராவைப் பார்த்தார், தலையாட்டினார், 'ஒருத்தரும் இல்லை' என்று குறித்தார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்: இது அநியாயம் இல்லையா? "பாக்கிறது வேற, தேடுறது வேற," என்றார். "அவர் விழுந்தால் மகன் காண்பார். தூக்க ஆர் வருவினம்?" ரெலிபோனில் கதைக்கும் பிள்ளைகளையும் அவர் ஆளாக எடுக்கவில்லை. எங்கள் தீவுகளில் இந்த விதியை வைத்தால் எத்தனை பேருக்கு ஆள் மிஞ்சும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்படி ஆபத்தில் இருந்தவர்களிடம் அவர் அடிக்கடி போகத் தொடங்கினார். ஸ்கூட்டியைப் படலையில் நிறுத்தி, பிரஷர் பார்த்து, கொஞ்சம் கதைத்துவிட்டு வருவார். அவர்களில் சிலர் இறந்தார்கள். இறக்கக்கூடியவர்களிடம்தானே போனார்? ஆனால் ஊர் அதை வேறு மாதிரிக் கண்டது. அந்த மிஸ்ஸின் ஸ்கூட்டி ஒரு படலையில் இரண்டு மூன்று தரம் நின்றால் பிறகு அங்கே செத்தவீட்டுப் பந்தல்தான் என்று கதை பரவியது. ஒரு வீட்டில் எங்களைக் கண்டதும் ஜன்னலைச் சாத்தினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜெசிந்தா சிரித்தார். "குடை பிடிச்சுக்கொண்டு போறவையாலதான் மழை வருகுது எண்டு நினைக்கினம். பிழை இல்லை, படிச்சவையும் இதைத்தான் செய்யினம்." அன்று யாழ்ப்பாணம் திரும்பப் பண்ணைப் பாலத்தில் வரும்போது சிரிப்பு அடங்கிப்போய், "நான் போறது அவையளுக்கு என்ன செய்யுது எண்டு எனக்கும் தெரியாதுதானே," என்றார். அந்த வசனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த சுற்றுக்குப் போனபோது விளங்கியது. கடைசிக் கேள்வியைக் கேட்டால் ஆட்கள் ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார்கள். "ஆர் தேடுறது? நீங்கள்தான்," என்றார் அருளப்பு. தங்கராசா அண்ணையும் அதைத்தான் சொன்னார். கலைத்துவிட்ட ஞானம்மா ஒரு போத்தல் ஆட்டுப்பாலைக் கையில் திணித்து, "உன்னை விட்டால் ஆரடி?" என்றார். ஜெசிந்தா அத்தனை பேருக்கும் 'ஒருத்தரும் இல்லை' என்றே குறித்தார். "நான் ஆள் இல்லை. நான் கணக்கெடுக்கிறவள்," என்றார். ஆனால் கணக்குப் பிழையாகத் தொடங்கியது. அவர் பெயரைச் சொன்னவர்கள், மாதிரியுரு சொன்னபடி போகாமல், ஆள் உள்ளவர்களைப் போல உயிரோடு இருந்தார்கள். ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்து கதிரையில் இருந்தார். "இவையள் போயிருக்கவேணும் கலா. போகேல்லை. ஏன் எண்டு எனக்கு விளங்குது, அதுதான் பயமாக் கிடக்கு."

எங்கள் ஆய்வில் பங்காளியாக வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு யோசனை சொன்னார்: ஒரு மாரிகாலம் ஜெசிந்தா போகாமல் இருந்து பார்க்கட்டும், உண்மை தெரிந்துவிடும். ஜெசிந்தா சம்மதித்ததைக் கேட்டு நான் குறிகட்டுவான் படகுத்துறையில் ஆட்கள் பார்க்கச் சண்டை பிடித்தேன். ஆட்களின் உயிரில் கையை வைத்துப் பார்க்கிறீரா என்றே கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் போறதாலதான் இருக்கினம் எண்டால் அதைக் காட்டவேணும். காட்டினால்தான் மற்ற இடங்களுக்கும் ஆள் போடுவினம். நான் ஒருத்தி எத்தினை படலைக்குப் போவன், சொல்லும்?"

அந்த மாரிக்குள் ஞானம்மா போய்விட்டார். பட்டியில் அடைபட்டிருந்த ஆடுகள் கத்திய கத்தலில்தான் ஆட்கள் போய்ப் பார்த்தார்களாம். செய்தி வந்தபோது ஜெசிந்தா என்னோடுதான் இருந்தார். "ஒராள் போறது ஒண்டையும் காட்டாது," என்றார். திரும்பவும் அதையே சொன்னார். யாருக்கோ பாடம் ஒப்புவிப்பது போலச் சொல்லிக்கொண்டே இருந்தார். மறுநாள் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, ஓடிய முதல் படகில் நெடுந்தீவுக்குப் போனார். பேராசிரியருக்கு எழுதவில்லை, கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு தரமும் அவர் போவதை நிறுத்தியதில்லை. ஆய்வுக்கான காலம் முடிந்த பிறகும் போனார். கேட்டால், "பிரஷர் பாக்கப் போறன்," என்பார். அருளப்பு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போன அந்த நாளும் அப்படி ஒரு நாள்தான்.

அடக்கம் முடிந்த வாரம் பேராசிரியர் அழைத்தார். குரல் தழுதழுத்தது, அதில் பொய் இல்லை. ஜெசிந்தாவின் பெயரில் ஆய்வை முடித்து வெளியிட வேண்டும் என்றார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். ஜெசிந்தாவால் முடிக்க ஏலாமல் போன பகுதியை முடிக்க இப்போது ஒரு வழி தானாக அமைந்திருக்கிறதாம். இனி யாரும் எதையும் நிறுத்த வேண்டியதில்லை. போய்வந்தவரே இப்போது இல்லை. நாங்கள் சும்மா இருந்தால் போதும். மாரி முடிந்ததும் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னவர்களில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்த்தால் விடை சுத்தமாகக் கிடைத்துவிடும். "ஜெசிந்தாவும் இதைத்தான் விரும்பியிருப்பார்," என்றார்.

அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்றிருந்தது. ஏச முடியாமல் போனதற்குக் காரணம், அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. விடை கிடைத்தால் நான் கண்டிராத எத்தனையோ படலைகளுக்கு ஆட்கள் போகக்கூடும். கிடைக்காவிட்டால் ஜெசிந்தா செய்ததெல்லாம் ஒரு பெண்ணின் நல்ல மனம் என்று இரங்கல் உரையோடு முடிந்துவிடும். ஆனால் அந்த விடை எதனால் ஆனது என்று எனக்குத் தெரியும். அருளப்புவால் ஆனது. தங்கராசா அண்ணையால் ஆனது. இனி அந்தப் படலைகளுக்கு நான் போகிறேன், உங்களுக்கு விடை கிடைக்காது என்று அவருக்கு எழுதிவிட்டேன். அவர் வருத்தத்தோடு, மரியாதையாகவே பதில் போட்டார்.

இது ஐப்பசி. வடக்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. இன்னும் சில நாளில் நெடுந்தீவுப் படகு ஓடும், ஓடாது. எனக்கு ஸ்கூட்டி ஓட்ட வராது. பஸ்ஸில் போய், மிச்சத்தை நடந்துதான் பார்க்க வேண்டும். அவர் போன எல்லாப் படலைகளுக்கும் நான் போய் முடிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரிகிறது. எந்தப் படலை விடுபடும் என்று மட்டும் தெரியவில்லை. இரவில் அல்ல, பட்டப்பகலில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருக்கும்போது இந்தப் பயம் வருகிறது.

போன கிழமை முதலில் சரவணைக்குப் போனேன். தங்கராசா அண்ணை கமராவுக்குக் கீழே சாய்மனைக் கதிரையில் இருந்தார். பிரஷர் பார்த்தேன். என்ன கதைப்பது என்று தெரியாமல், வாய்ப் பழக்கத்தில் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"ஜெசிந்தா மிஸ்," என்றார்.

"அவ இல்லையே அண்ணை."

"தெரியும். செத்தவீட்டுக்கு வந்தனான்தானே. கேட்டீர், சொன்னன்." சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டார். "இனி அவ தேடி வந்தால் நானும் எழும்பிப் போறதுதான்."

"அப்பிடிக் கதையாதேங்கோ. என்ர பேரைச் சொல்லுங்கோ, நான் வருவன்," என்றேன்.

அவர் என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். தபால் கந்தோரில் விலாசம் சரியில்லாத கடிதத்தை இப்படித்தான் பார்த்திருப்பார். "சரி. நீர் யாழ்ப்பாணத்தில தனியத்தானே இருக்கிறனீர். உம்மை ஆர் தேடுவினம்?"

இத்தனை வருடம் இந்தக் கேள்வியைத் தீவு தீவாகக் காவித் திரிந்தோம். நான் ஜெசிந்தாவைக் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. என் மகள் மெல்பேர்னில், ஞாயிறுதோறும் கதைப்பாள். ஜெசிந்தாவின் விதிப்படி அது ஆள் இல்லை. அவருடைய மாதிரியுருவும் கணக்குகளும் பேராசிரியரிடம் போகட்டும். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தக் கேள்வியையும், பொய்ப் பெயர் சொல்லி அதற்குத் தப்ப விடாத அவருடைய கறாரையும்தான்.

"நீங்கள் தேடுவியளோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஓம். பஸ் ஓடினால் வருவன்," என்றார். பிறகு முற்றத்துக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த கருமுகிலைப் பார்த்தார். "இந்த மாரி போகட்டும், பாப்பம். ஆர் ஆரைத் தேடுறம் எண்டு."