பார்லர் அக்காவின் தலை

சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி மேசையைக் காலால் ஓர் உந்து உந்துகிறார் பார்லர் அக்கா. நாற்காலி அரைச்சுற்றுச் சுற்றிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. எதிரே சுவர், சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு குடை. அந்தக் குடையைப் பார்த்தபடி கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, "ம், ஆரம்பி" என்கிறார். பின்னால் கத்தரிக்கோலோடு நிற்கும் பெண்ணுக்குப் பதினைந்து வயது இருந்தால் அதிகம். அவள் இதுவரை காகிதத்தைத் தவிர வேறெதையும் வெட்டியதில்லை.

இதனால்தான் எங்கள் பகுதியிலேயே மோசமான தலை, எல்லோருடைய தலையையும் அழகாக்குகிற இந்த அம்மாளுடையதாக இருக்கிறது. ஒரு மாதம் வலது பக்கம் காதுக்கு மேலே ஏறியிருக்கும். இன்னொரு மாதம் பிடரியில் எலி கரம்பிய மாதிரி இருக்கும். முதல்முறை வருகிறவர்கள் வாசலிலேயே தயங்குவார்கள். நானும் தயங்கினேன், என் தலையில் அவர் கை வேலையைப் பார்த்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. லாரி ஓட்டும் அவருடைய வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வண்டியை விட்டு இறங்கி வந்து மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த மாசம் யாரு?" என்று மட்டும் கேட்பார்.

அக்காவுக்குத் தேநீர் நன்றாக ஆறிப்போனால்தான் தொண்டையில் இறங்கும். கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். முடி உலர்த்தும் கருவி மக்கர் செய்தால், "வேலை நேரத்துலதான் உனக்குத் தூக்கம் வரும்" என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அது பயந்துபோய் ஓடத் தொடங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பிற்பகல்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் கடைக்கு வருகிறார்கள். ஏதாவது ஒரு வீட்டில் மகளிடம், "இனிமே நீ சின்னப் பொண்ணு இல்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும். அந்த வீட்டு அம்மா முடிவெட்ட வரும்போது அக்கா மெதுவாகப் பேச்சைப் போட்டு, "சனிக்கிழமை அனுப்பி வைங்க, எனக்கும் கூடமாட ஆள் வேணும்" என்பார். வீடுகளில் 'சின்னப் பொண்ணு இல்ல' என்ற வாக்கியத்துக்கு அர்த்தம், சத்தமாகச் சிரிக்காதே, வாசலில் நிற்காதே என்பது. அக்காவும் வந்த பெண்ணிடம் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். சொல்லிவிட்டுக் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறார்.

துடைப்பத்துக்கு அடுத்தது தொலைபேசி. யார் கூப்பிட்டாலும் குரல் நடுங்காமல் பேச வேண்டும். பிறகு, வரிசையைத் தாண்டி உள்ளே நுழையும் பெரிய மனுஷிகளிடம் "உக்காருங்க, உங்களுக்கு முன்னாடி ஆள் இருக்கு" என்று சொல்லப் பழக வேண்டும். "முறைச்சாங்கன்னா நீயும் முறை. முறைக்கிறதுக்கு இன்னும் வரி போடல." இதற்கிடையில் கேள்விகள் வரும். வீட்டில் கேட்க முடியாதவற்றை அந்தப் பெண்கள் இங்கே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்கள். மாதா மாதம் வரும் வயிற்று வலியைப் பற்றி ஒருத்தி கேட்டாள். போட்டோ அனுப்பாவிட்டால் பேசமாட்டேன் என்கிற பையனைப் பற்றி இன்னொருத்தி கேட்டாள். "பேசாமயே இருக்கட்டும். உனக்கு வேலை மிச்சம்" என்று கிளிப்பின் இடுக்கு வழியே பதில் வந்தது.

பெண் தயாராகிவிட்டாள் என்று தோன்றும் நாளில் அக்கா தன் தலையை அவளிடம் ஒப்படைக்கிறார். கத்தரி விழத் தொடங்கியதிலிருந்து வெட்டி முடிக்கும் வரை வாய் திறக்கமாட்டார். மற்றவர்களும் யோசனை சொல்லக் கூடாது. "நான் ஒரு வார்த்தை சொன்னாலும் அது நான் வெட்டுனதா ஆயிடும்" என்பார். முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "முடிதானே, வளரும்" என்று எழுந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கோணலைச் சரிசெய்துகொள்வதே இல்லை. அதே தலையோடு வங்கிக்குப் போவார், உறவுக்காரர் வீட்டுக்குப் போவார். எதற்கு உங்கள் தலையையே கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "வேற யாரு குடுப்பா?" என்றார்.

அவருடைய மகள் கொடுக்கமாட்டாள். பதினேழு வயது, இடுப்பைத் தாண்டும் பின்னல். பெற்ற தாயே நுனியைத் தொட்டாலும் பாம்பை மிதித்தவள்போலத் துள்ளுவாள். அம்மாவின் தலையால் பள்ளிக்கூடத்தில் தன் மானம் கப்பலேறுகிறது என்பது அவள் குறை. ஒரு திங்கட்கிழமை பள்ளி விழாவில் அவள் மேடையேறிப் பேசவேண்டியிருந்தது. "இந்த ஒரு வாரம் மட்டும் யார்கிட்டயும் தலைய குடுக்காதம்மா" என்று கேட்டிருந்தாள். "சரிடி, குடுக்கல" என்று அக்காவும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கு விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை காற்றில் போனது. அதற்குக் காரணம் சாமியார்.

சாமியார் என்பது ஒரு பெண்ணுக்கு மற்ற பெண்கள் வைத்த பெயர். எப்போதும் மௌன விரதம், எதைக் கேட்டாலும் ஒரு "ம்ம்". பரீட்சையில் தவறியதும் பள்ளிக்கூடத்தை விட்டாள். தையல் வகுப்பில் சேர்த்தார்கள், அதையும் பாதியில் விட்டாள். கணினி வகுப்பும் அப்படியே போனது. "இதையும் விட்டான்னா அப்புறம் வீட்டோட கிடக்க வேண்டியதுதான்" என்று அவளுடைய அம்மா என் காதுபடவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தச் சாமியார் அன்று துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, "அக்கா, இன்னைக்கு நான் வெட்டட்டுமா?" என்றாள். அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்து நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை. அக்கா கதவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மேசையைக் காலால் உந்தினார்.

நான் தலை நிறைய சாயத்தைப் பூசிக்கொண்டு காத்திருந்தேன். அந்தக் கோலத்தில் எழுந்து எங்கே போவது? எல்லாவற்றையும் பார்த்தேன். இடது பக்கம் தொடங்கிய சாமியார், பெரிய கொத்தாகப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். காதும் அதற்கு மேலே விரலகலத் தோலும் வெளியே தெரிந்தன. சரியாக அந்த நேரம் பார்த்து மகள் உள்ளே வந்தாள்.

"சத்தியம் பண்ணாத குறையா சொன்னியேம்மா" என்றாள். அக்கா குடையைப் பார்த்தபடி இருந்தார். "உனக்கு ஊர்ப் பொண்ணுங்கதான் பெருசு. நான் எதுவும் கேக்கக் கூடாது. நீ திங்கக்கிழமை வரவே வேணாம்." எனக்கு மகள்மேல் கோபம் வரவில்லை. அவள் கேட்டிருந்தது ஒரே ஒரு வாரம். அக்கா பதில் சொல்லத் துடித்தார் என்பது நன்றாகத் தெரிந்தது. ஆனால் வெட்டு இன்னும் முடியவில்லையே.

சாமியார் கத்தரியை மேசையில் வைத்தாள். மூலையில் கிடந்த தன் பையை எடுத்துக்கொண்டாள். "நான் எப்பவுமே இப்படித்தான்க்கா. எதத் தொட்டாலும் கெடுத்துடுவேன். இனிமே வரல." வாசலுக்குப் போக மகளைத் தாண்டித்தான் போகவேண்டும். மகள் வழிவிடவில்லை.

"எங்க போற? மிச்சத்த யாரு வெட்டுவா?"

"கை நடுங்குது."

அவள் பிடித்திருந்த பையின் வார் ஆடியது. மகள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மாவின் பாதித் தலையைப் பார்த்தாள். அக்கா குடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை, காதோரம் சாயம் வழிவதைக்கூடத் துடைக்கத் தோன்றவில்லை.

மகள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பின்னலை முன்னால் இழுத்து, நுனியிலிருந்த ரப்பரைக் கழற்றி, விரல்களால் மேல்வரை பிரித்துவிட்டாள். ஒரு துணியை உதறித் தன் கழுத்தைச் சுற்றித் தானே கட்டிக்கொண்டாள்.

"முதல்ல என்னுதுல வெட்டு. கை நிக்கட்டும். அப்புறம் எங்கம்மாவ முடி" என்றாள். சொல்லும்போது கண்ணாடியில் தன் கூந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது.

சாமியார் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். அக்கா தலையைத் திருப்பவில்லை. துணிக்கு அடியிலிருந்து ஒரு காலை மட்டும் நீட்டி, மகளின் நாற்காலியை மெதுவாக உந்தி, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பிவிட்டார்.