சனிக்கிழமை கையெழுத்துப் போடாத தலைவர்

எழுத்து நம்ம ஊர் மலைப்படி மாதிரி ஏறி இறங்கித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்தொன்பது வயதில் எழுதக் கற்ற கை. இந்தப் பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. மருமகள் போட்டோ எடுத்து குரூப்பில் போடுகிறாள். அடித்தல் திருத்தலையும் மறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

கரிப்புகையும் எண்ணெய்ச் சாக்கும் கலந்த ஒரு வாசனை...

அரக்கோணம் இன்ஜின் ஷெட் என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். அங்கே நான் கலாசி, ஃபிட்டர்களுக்கு எடுபிடி. கூட வேலை பார்த்த ஃபிட்டர் சாமுவேல், பம்பாய்ப் பக்கம். அவருடைய சனிக்கிழமை டூட்டியை நான் பார்ப்பேன், என் ஞாயிற்றுக்கிழமையை அவர் பார்ப்பார். பெயரை வைத்து, சர்ச்சுக்குப் போகிறவர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை எப்படி வேலைக்கு வருகிறார்?

ஒருநாள் கேட்டுவிட்டேன். ஷெட்டில் நாங்கள் ஒருவருக்கொருவர் பாவாதான்.

"இன்னா பாவா, சனிக்கிழமை ஒருபொழுதா? பெருமாளுக்கா?"

டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நாங்க யூதருங்க பாவா. சனிக்கிழமை அடுப்பு பத்தவைக்க மாட்டோம், பேனா தொடமாட்டோம். ஊர்ல எங்களுக்கு எண்ணெய்ச் செக்குதான் தொழிலு. சனிக்கிழமை அதுவும் ஓடாது."

அப்புறம்தான் தன் தாத்தா கதையைச் சொன்னார்.

வெள்ளைக்காரன் காலத்தில் அந்த ஊர் யூதர்களுக்கு அவர் தாத்தாதான் தலைவர். முக்காதம் என்பார்களாம். கல்யாணம், சாவு, சண்டை எல்லாம் அவரிடம்தான் வரும். ஊருக்கு இடுகாடு இல்லை என்று பல வருஷம் மனுப் போட்டு அலைந்தார். கடைசியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி இடுகாட்டு நிலத்துக்கான காகிதத்தோடு குதிரையில் வந்து இறங்கினார்.

அன்று சனிக்கிழமை.

கையெழுத்துப் போடச் சொன்னார் அதிகாரி. தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எழுதத் தெரியாது போல என்று அதிகாரி மை டப்பாவை நீட்டினார். அதற்கும் கை வரவில்லை. இன்று முடியாவிட்டால் நிலம் உப்பளக்காரனுக்கு என்றார் அதிகாரி.

தாத்தாவின் தம்பியே பாய்ந்தாராம். "செத்தா எங்கண்ணா பொதைக்கிறது, உன் தலைமேலயா? வச்சித் தொலை."

"இன்னிக்கு நான் வச்சா, அடுத்த சனிக்கிழமை எவன்கிட்டடா போய் செக்க நிறுத்துன்னு சொல்லுவேன்?"

பிறகு அதிகாரியிடம், "நாளைக்கு வாங்க துரை, போடறேன்" என்றார்.

"நாளைக்கு ஞாயிறு. நான் வேலைக் காகிதம் தொடமாட்டேன்."

சொல்லிவிட்டு அதிகாரி அப்படியே நின்றுவிட்டாராம். மை டப்பாவை மூடினார். "திங்கட்கிழமை" என்றார்.

திங்கட்கிழமை தாத்தா மூன்று பாஷையில் கையெழுத்துப் போட்டார். நிலம் கிடைத்தது.

"அப்போ எழுதத் தெரியுமா அவருக்கு?"

"ஆங், நல்லாவே."

அதுதான் எனக்குப் பிடிபடவேயில்லை. ஷெட் ரிஜிஸ்டரில் கட்டைவிரல் வைக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பவன் நான். தெரிந்த ஒருவர், தெரியாதவன் என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று நிற்பாரா? நானாக இருந்தால் அந்தத் துரையின் சட்டையிலேயே எழுதிக் காட்டியிருப்பேன்.

சாமுவேல் மாற்றலாகிப் போனார். அவர் ஆட்கள் நிறையப் பேர் நாட்டை விட்டே போய்விட்டதாகக் கேள்வி. தாத்தாவை அந்த இடுகாட்டில்தான் வைத்தார்களா... கேட்காமல் விட்டுவிட்டேன்.

இப்போது கரிவண்டி கிடையாது, எல்லாம் கரன்ட். என் கட்டைவிரலிலும் மை கிடையாது. போன மாதம் பேங்கில் அந்தப் பெண் பழக்கத்தில் மை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். "பேனா குடும்மா" என்றேன். என் பெயரை எழுதி முடிக்கும்வரை பின்னால் வரிசை காத்திருந்தது.

அன்றிலிருந்து எழுதாத நாளே இல்லை. பால் கவரில்கூட எழுதுகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை ஒருநாள் நோட்டை மூடி வைக்கப்போகிறேன். தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும். என்னால் முடிந்ததா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை எழுத உட்காருவேன். நான்கு நாள் ஆகும், தெரியுமே உங்களுக்கு.