கை வைக்காமல் நிற்பது

இதைப் படிக்கிறவர்கள் முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கையெழுத்து கிறுக்கலாக இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஆட்டிசம். இப்போது இருபத்திரண்டு வயது. பதின்மூன்று வயதில் அவன் நிலைகுலைந்தால் எங்கள் தோட்டத்து லயம், அந்த வரிசை வீடுகள் முழுவதற்கும் தெரியும். சோற்றுப் பானை இடம் மாறியிருந்தாலோ, கூரைத் தகரத்தில் மழை திடீரென்று இறங்கினாலோ போதும். அலறுவான், தன் கையைக் கடிப்பான், தலையைச் சுவரில் மோதுவான். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் போடுவார்.

"கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒங்க வீட்டுப் பேயி எங்க புள்ளைங்கள படிக்க விடமாட்டேங்குது!"

நான் பின்னாலிருந்து மகனை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை, அவனால் திமிற முடியாது. பத்து நிமிடத்தில் உடம்பு தளரும். பிறகு ரொட்டி கேட்பான். என் பிடிதான் அவனை அடக்குகிறது என்று நம்பினேன்.

பத்தொன்பது வயதில் அலறல் நின்றது. குணமாகிறான் என்றேன். மனைவி நம்பவில்லை. "சத்தந்தாங்க நின்னுருக்கு," என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. இப்போது கம்பளியை இழுத்துத் தலைவரை மூடிக்கொள்கிறான். இரண்டு நாள் சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. கூப்பிட்டால் சுவரைப் பார்ப்பது போல் என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வை எனக்குப் பயம். ஆனால் வாசலில் யாரும் வந்து கூடாதது நிம்மதியாகவும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

சென்ற வருடம் மகனின் கிளினிக் முடிந்து ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றோம். மூன்று கண்டக்டர்கள் ஒரே நேரத்தில் ஊர்களைக் கூவினார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, சத்தம்," என்றான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சொன்னான்.

"பஸ்ஸு இப்ப வந்துரும்யா," என்றேன்.

மூன்றாவது முறை சொல்லவில்லை. சுவரோரம் குந்தி, முஷ்டியால் தன் தலையிலேயே அடிக்க ஆரம்பித்தான். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். இப்போது அவன் என்னைவிட ஒரு தலை உயரம். முழங்கை என் வாயில் பட்டு உதடு கிழிந்தது.

"அப்பனயே அடிக்கிறான் பாருங்கடா!"

"குடு அடிச்சிருப்பான். மூஞ்சப் பாத்தாலே தெரியுதே."

"பெத்தவருக்கு நல்லா வேணும், செல்லங் குடுத்து வளத்தா இப்பிடித்தான்."

பதின்மூன்று வயதில் இப்படி நடந்திருந்தால் பேய் பிடித்த பிள்ளை, பாவம் என்றிருப்பார்கள். இருபத்தொரு வயது ஆண்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டால் அவன் போதைக்காரன். போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிங்களத்தில் குடுவா, போதைத்தூளா என்று கேட்டபடியே என் மகனின் சட்டைக் காலரில் கை வைத்தார்.

அந்த முழங்கை அவர்மேல் பட்டால் மகனை உள்ளே தள்ளிவிடுவார்கள். உள்ளே தன் பெயரைக்கூட அவனால் சொல்ல முடியாது. பேசாததற்காகவே அடிப்பார்கள்.

மகனை விட்டுவிட்டு இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமே தரையைப் பார்த்துப் பேசுகிறவன் நான்.

"சார், மகே புத்தா. லெடெக். அத்த தியன்ன எபா," என்றேன். என் மகன், நோயாளி, கை வைக்காதீர்கள். மருந்து எழுதும் கிளினிக் கொப்பியை நீட்டினேன். அதில் என் உதட்டு ரத்தம் பட்டுவிட்டது.

அவர் பார்த்தார். கையை எடுத்தார், ஆனால் போகவில்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அது பழைய கணக்கு. பத்து போனது, இருபது போனது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மகனைத் தொட வேண்டும்போல் கை துடித்தது. தொடவில்லை. அவன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு முனகினான். முக்கால் மணி நேரம் இருக்கும், தானாகவே எழுந்தான்.

"பஸ்ஸு வந்துருச்சாப்பா?"

"போங்க, போங்க," என்றார் பொலிஸ்காரர், தமிழில்.

இரண்டு நாள் அவன் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, தேநீர் குடிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"இனிமே புடிக்காதீங்கப்பா. புடிச்சா மூச்சு முட்டுது. செத்துருவேன் போல இருக்குது."

"சின்னதுலயுமாய்யா?"

"சின்னதுலயுந்தான்."

அப்போது அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

கிளினிக்கில் ஒரு தாதி தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கிறது. எனக்கு ஆட்டிசம், தொடாதீர்கள், தள்ளி நின்று காத்திருங்கள் என்று அதில் இருக்கிறது. நாளை கிளினிக். தனியாகப் போகிறேன் என்கிறான்.

"நா என்ன சின்னப் புள்ளையா?" என்று கேட்டான்.

இல்லை. அதனால்தான் பயம். காலரைப் பிடிக்கிறவன் பையில் இருப்பதை முதலில் எடுத்துப் படிப்பானா? மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, போயிட்டு வாய்யா என்று சொல்லிவிட்டேன்.

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை.