பர்ஃபேன் என்றால் செண்ட்டு

வெண்ணிலா வாசனையை வெயில் காலத்தில் பூசிக்கொள்ளக் கூடாது. வியர்வையோடு கலந்து, பாயசம் கொட்டிய பாய் மாதிரி திகட்டும். டிசம்பரில் அப்படி இல்லை. மழை ஓய்ந்து, கடற்காற்று கொஞ்சம் சில்லென்று வீசும் அந்த நாலைந்து வாரத்தில் அது துணியோடு ஒட்டிக்கொண்டு அடக்கமாக இருக்கும். பக்கத்தில் வந்தால்தான் தெரியும். புதுச்சேரியில் குளிர் என்று நாங்கள் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி பிறந்தால் முத்தியால்பேட்டையில் பாதித் தலை மஃப்ளருக்குள் போய்விடும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு ஒரே ஒரு சீசாவால் வந்தது. எழுபதுகளின் கடைசி அது. அப்பா மில்லில் வேலை பார்த்தார். அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு வருஷமாகச் சமையல் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரி தமிழ்ப் பெண்மணிதான். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர், அவருடைய பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை.

அம்மாவின் கையில் மீன் வாடை போகவே போகாது. எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள், சீயக்காய் போட்டுப் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். பூசை முடியும்வரை அம்மா இரண்டு கைகளையும் சேலைக்குள் மடக்கி வைத்திருந்தாள். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் வரவில்லை, அம்மாமேல்தான் வந்தது. பதினைந்து வயதில் என் நியாயம் அவ்வளவுதான்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நாலு வாரம், அட்வெந்து காலம், தொடங்கியிருந்தது. பெரிய மார்க்கெட்டிலிருந்து வந்த அம்மா, கூடையில் கீரைக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பழுப்புச் சீசாவை எடுத்தாள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மதாம் வூட்டு கேக் வாசன மாதிரியே இருக்குது பாரு. சல்லிசா குடுத்தான். செண்ட்டா இதுன்னு கேட்டேன், எல்லாம் பிரெஞ்சுல எழுதியிருக்குது, எனக்குத் தெரியாதுங்கறான். நீ படிச்சு சொல்லுடி."

கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் நான் இரண்டு வருஷமாகப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்கு அதனால் ஒரு மரியாதை இருந்தது. லேபிளில் பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தை. பர்ஃபேன். வனீய்.

"பர்ஃபேன்னா செண்ட்டும்மா. வனீய்னா வெண்ணிலா. வெண்ணிலா செண்ட்டு," என்றேன். மல்லிகை செண்ட்டு, ரோஜா செண்ட்டு இருக்கும்போது வெண்ணிலா செண்ட்டு ஏன் இருக்கக் கூடாது? அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்கவில்லை. எல்லா சீசாவிலும் ஏதோ ஒன்று பொடியாக எழுதித்தான் இருக்கும்.

அம்மா தினமும் குளித்துவிட்டு ரவிக்கைக் கழுத்திலும் இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக்கொண்டாள். வெள்ளை ரவிக்கையில் டீ சிந்தியது போலக் கறை விழுந்தது. கொடியில் போட்ட ரவிக்கைக்கு எறும்பு வந்தது. அப்பா பார்த்துவிட்டு, "ஃபாரின் செண்ட்டுன்னா எறும்புக்கும் ஆசதான்," என்றார். அம்மா எறும்பைத் தட்டிவிட்டு அதையே போட்டுக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறு பூசையில் பக்கத்துப் பெண் அவள் பக்கமாகத் திரும்பி மூச்சை இழுத்துவிட்டதை நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். வரும் வழியெல்லாம் கையை வீசி நடந்தாள். அன்று அவளோடு நடக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் இருக்கும்போது மதாம் வீட்டில் கேக் வேலை தொடங்கியது. வெண்ணெயும் சர்க்கரையும் அடித்துக் குழைப்பது அம்மா. பிரான்சிலிருந்து வந்த விலை உயர்ந்த சாமான்களை மதாம் அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பாள். வெண்ணிலாவை உள்ளேயிருந்து ஒரு ஸ்பூனில் ஏந்திக்கொண்டு வந்து தானே ஊற்றுவாள். அந்தச் சீசாவை அம்மா கண்ணால் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மதாமின் வெண்ணிலா காணோமாம். தேடிக்கொண்டே அம்மாவின் பக்கத்தில் வந்த மதாம் அப்படியே நின்றுவிட்டாளாம். "உன் மேல என்ன வாசன?" என்று கேட்டாளாம்.

"செண்ட்டுன்னு சொன்னேன். எடுத்தாந்து காட்டறேன்னு வந்துட்டேன். நீயும் வா. நீ படிச்சுக் காட்டுனா ஆச்சு," என்றாள் அம்மா. அவள் பயப்படவே இல்லை. அவளுக்கு என் பிரெஞ்சுமேல் அவ்வளவு நம்பிக்கை.

மதாம் வீட்டுச் சமையலறையில் நின்று, சீசாவைத் தூக்கிப் பிடித்து நான் சத்தமாகப் படித்தேன். மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள். நான் படிக்காத பொடி வரியையும் பார்த்தாள்.

"இது பூசிக்கறது இல்ல. கேக்குல ஊத்தறது," என்றாள். "பிரான்சுல ஐஸ்கிரீம் கடையில எந்த பர்ஃபேன் வேணும்னு கேப்பான், அவன் செண்ட்டா விக்கறான்? ருசிக்கும் அதே வார்த்ததான். உங்க சிஸ்டருங்க சொல்லித் தரலியா? எங்கிட்ட இருந்ததும் இதேதான்."

சாட்சி சொல்ல வந்த சீசாவே எதிராகத் திரும்பிவிட்டது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு விநாடி இருக்கும். ஆனால் அது எப்படிப்பட்ட பார்வை என்று எனக்குத் தெரியும்.

"மார்க்கெட்டுல வாங்குனேன் மதாம்," என்றாள் அம்மா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வேலை போனால் வீடு எப்படி நடக்கும் என்று அப்பா கவலைப்பட்டார். மில் அந்த மாதமும் பாதி நாள் மூடிக் கிடந்தது. அதைவிட, ஒரு வீட்டில் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினால் கடற்கரைப் பக்கம் வேறு எந்த வீட்டுச் சமையலறையிலும் அம்மா நுழைய முடியாது. எனக்கும் தூக்கம் வரவில்லை, ஆனால் என் கவலை வேறு. எடுத்திருப்பாளோ என்று ஒரு பக்கம். சேச்சே என்று ஒரு பக்கம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடைகள் முடிகிற இடத்தில் சாக்கு விரித்து ஒருவர் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார். பிரான்சுக்குக் குடிபோகிறவர்கள் கழித்துவிட்டதை மொத்தமாக வாங்கி விற்கிறவர். பீங்கான் தட்டு, பூட்டு, கிராமபோன் ஊசி. அவற்றுக்கு நடுவே ஒரு அட்டைப்பெட்டியில் அதே பழுப்புச் சீசாக்கள், ஐந்து. ஒன்றைக் காட்டி, இதை யாராவது வாங்கினார்களா என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு வாரம் முன்னாடி ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க," என்றார் அவர். "மோந்து பாத்துட்டு தனக்குத் தானே சிரிச்சாங்க. அவங்களுக்கு நீ என்ன வேணும்?"

வீட்டுக்கு ஓடினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தெருக்களில் ஓடியதில்லை. அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். "அந்த ஆளுகிட்ட இன்னும் அஞ்சு இருக்குதும்மா. உன்ன ஞாபகம் வெச்சிருக்காரு. நீ வாங்குனது நெசந்தான்!"

அம்மாவின் கை நின்றது.

"மதாம் போய்ப் பாக்கச் சொன்னாங்களா?"

"இல்லியே. நானாத்தான் போனேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. அம்மா திரும்பவும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

"அவங்க வெளியாளு. அவங்ககூட எங்கிட்ட கேட்டாங்க," என்றாள். "நீ ஒரு வார்த்த கேக்கல. நேரா அவன்கிட்ட போயிருக்க."

மறுநாள் மதாம் ஆள் அனுப்பினாள். அவளுடைய சீசா அலமாரியிலேயே துணிகளுக்கு நடுவில் கிடைத்துவிட்டதாம். அம்மா வேலைக்குப் போனாள். மாலையில் வந்து, புடவை மாற்றும்போது, சாதாரணமாகக் கேட்டாள்.

"மதாம் என் கையப் புடிச்சிட்டு பர்தோன் பர்தோன்னாங்க. அப்படின்னா என்னடி?"

தமிழில் சொல்ல மதாமுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

"என்ன மன்னிச்சிடுன்னு அர்த்தம்மா," என்றேன்.

அம்மா சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மேலே ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை என் வாயால் அம்மா கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் இன்னொருத்தி சொன்னதற்கு அர்த்தமாக.