பொந்தியானாக் கட்டிய புடவை

மலாயா சுதந்திரம் வாங்கிய வருடம், பேயைப் படம் பிடிக்கிறோம் என்று சில பேர் கேமராவோடு எங்கள் ஊர் காஜா பெராங்கில் சுற்றினார்கள். பிறகு ஒரு சாயங்காலம் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள்.

"இது நடிப்பு இல்ல. நாங்களே நேர்ல புடிச்ச பொந்தியானாக்," என்றான் ஒருவன்.

பிரசவத்தில் செத்துப் பேயானவளை மலாய்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வெள்ளை உடுத்தி, கெம்போஜாப் பூமரத்தடியில் நிற்பாளாம்.

திரையில் விடியற்காலைப் பனி. கெம்போஜா மரத்தடியில் வெள்ளைப் புடவையோடு ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் அலறியது. எனக்கு அந்த இறங்கிய தோளைத் தெரியும். சுவரில் மாட்டிய அப்பாவின் படத்துக்குப் பூப் பறிக்க வந்த என் அம்மா. சம்பளம் கொடுக்காமலே அவர்களுக்கு நடிகை கிடைத்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"பாத்தியா, கால் தரையில படவே இல்ல. அந்த வெள்ளையப் பாத்தாலே தெரியுது பேய்னு."

அப்பாவின் கருமாதியன்று, அம்மா இனி வெள்ளைதான் கட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, அந்தப் புடவையை வாங்கி வந்தவள் இந்த அத்தைதான்.