கடலுக்கு நடந்து போகும் தூரம்

நீங்கள் பொய் சொன்னீர்கள். வாய் தவறிச் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னீர்கள். சென்னையில் துறைமுகத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெருவில் ஹோட்டல் வைத்திருக்கும் முதலாளி நீங்கள். பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும். 'கடலுக்கு நடந்து போகும் தூரம்' என்று நெட்டில் போட்டிருந்தீர்கள். அதை நம்பி என் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

நான் எழுதுகிற ஆள் இல்லை. இடைசெவல் பக்கம் கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவன். கோபம் வந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். இந்தக் கோபம் மட்டும் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்குத் தசை கரைகிற வியாதி. முதலில் செருப்பு காலில் நிற்கவில்லை என்றாள். அப்புறம் களையெடுக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இதற்கு மருந்து கிடையாது, கால் முதலில் போகும், முடிகிற வரைக்கும் நடக்கட்டும் என்றார். அவள் எதிரிலேயே சொன்னார். திரும்பி வரும்போது பஸ் கயத்தாறில் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"ஒரு ஊருக்குப் போவணுங்க."

"எந்தக் கோயிலுக்கு?"

"கோயிலுக்குன்னு யாரு சொன்னா? கோயிலு, கல்யாணம், ஆஸ்பத்திரி. இந்த மூணுக்குந்தான போயிருக்கேன். இது சும்மா போவணும்."

சும்மா என்றால் என்ன என்று கேட்டேன். அவள் அதை எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். மெட்ராசில் ஒரு ரூம் எடுக்க வேண்டும். காலையில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரும் கையைப் பிடிக்காமல், ஆட்டோ கீட்டோ இல்லாமல், நடந்தே கடலுக்குப் போக வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு நடந்தே ரூமுக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

"தண்ணிக்கு நடந்தேன், களைக்கு நடந்தேன், வெறகுக்கு நடந்தேன். காலு இருக்கும்போதே ஒருக்கா சும்மா நடந்துக்கிடுதேன்" என்றாள்.

திருச்செந்தூரில் கடலைப் பார்த்தவள்தான். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மாற்றுச் சேலை, பின்னால் தள்ளுகிற கூட்டம். அதைக் கடல் பார்த்தது என்று அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹோட்டல் தேடுகிற வேலையை மகளிடம் கொடுத்தோம். அவள் கோவில்பட்டியில் காலேஜ் படிக்கிறாள். சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் அவள் போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றாக உட்கார்ந்து சிரித்த நாட்கள் அவைதான்.

"எம்மா, இங்க பாரு. மெத்தை மேல துண்ட வாத்து மாதிரி மடிச்சு வச்சிருக்கான்."

"அந்த வாத்தக் கலைச்சாத்தான் மூஞ்சி தொடைக்க முடியுமா? பாவம்லா."

"தி. நகர்ல எடுப்போம்பா. துணிக்கடை எல்லாம் வாசல்லயே இருக்கு. மெட்ரோவும் பக்கம்."

"ஏட்டி, ஒங்கம்மா துணி வாங்கவா போறா? கடலு பக்கத்துல பாரு."

அப்படித்தான் உங்கள் ஹோட்டல் வந்தது. மற்றவர்கள் போட்டதெல்லாம் கட்டில், குளியலறை, இட்லி. நீங்கள் மட்டும் மொட்டை மாடியிலிருந்து எடுத்த படத்தை முதலில் போட்டிருந்தீர்கள். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் சில கட்டிடங்கள், அதற்கு அப்பால் கடல். நீலமாக, முழுசாக, கப்பலோடு. பக்கத்து ரயில் நிலையத்துக்கே கடற்கரை என்றுதான் பெயர் என்று மகள் சொன்னாள். பெயரை நான் நம்பவில்லை. ஊருக்கு ஊர் ஏதாவது பெயர் வைப்பான். படத்தை நம்பினேன்.

ஏன் நம்பினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வழி கேட்க வேண்டிய தேவை இல்லை. தரை தட்டையாகக் கிடக்கும். மரம் மறைக்காது. அறுப்பு முடிந்துவிட்டால் காடு வெறுங்காடு. அடுத்த ஊர் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பார்த்துக் குறுக்கே நடக்க வேண்டியதுதான். ரோடு எங்கே வளைந்து போகிறது என்பதெல்லாம் பஸ்ஸுக்குத்தான். வேலி போட்டிருந்தாலும் ஆள் நுழைய ஒரு சந்து இருக்கும். இல்லாவிட்டால் ஆடு நுழைந்து நுழைந்து ஒரு சந்தை உண்டாக்கியிருக்கும். தெரிகிற இடத்துக்குப் போய்விடலாம். இதை நாங்கள் யோசித்ததுகூட இல்லை. சோற்றை வாயில் வைப்பதை யாராவது யோசிப்பார்களா?

ஆனாலும் உங்கள் ஹோட்டலுக்குப் போன் போட்டேன்.

"கடல் தெரியுமா?"

"சூப்பரா தெரியும் சார். மாடிக்கு வந்து கைய நீட்டுனா தொட்டுரலாம்."

"நடந்து போயிரலாமா? பொம்பள ஆளு, காலுக்கு முடியாதவ."

"தாராளமா போகலாம் சார். வாக்கபிள் டிஸ்டன்ஸ்தான்."

காலுக்கு முடியாதவள் என்று சொன்னேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது.

ஊரில் அவள் பழகிக்கொள்ள ஆரம்பித்தாள். வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் காட்டுக்குள் நடப்பாள். நான் பின்னால் தள்ளிப் போவேன், கூடவே வந்தால் திட்டுவாள். ஒவ்வொரு வாரமும் அவள் திரும்புகிற இடம் வீட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் தெரிந்தது. டிக்கெட் போட்ட தேதி வரைக்கும் கால் தாங்கினால் போதும் என்று இருந்தோம்.

காலையில் எழும்பூரில் இறங்கி உங்கள் ஹோட்டலுக்கு வந்தோம். ரூம் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். சரி, மாடி இருக்கிறதே என்று படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினாள். கடல் இருந்தது. படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அந்த அளவில் நீங்கள் பொய் சொல்லவில்லை.

எங்கள் தொட்டியைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்தாள்.

"இந்தா கெடக்குல்லா. போயிரலாம்."

புதுச் செருப்பு, பின்பட்டை வைத்தது, மகள் வாங்கிக் கொடுத்தது. போட்டுக்கொண்டு இறங்கினாள். நானும் மகளும் பின்னால். தெருவைத் தாண்டினோம். பெரிய ரோடு வந்தது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே, கம்பி வைத்த சுவர். சுவரை ஒட்டியே நடந்தாள். ஒரு பெரிய வாசல் வந்தது. காவலுக்கு நின்றவரிடம் வழி கேட்டாள்.

"இது ஹார்பர்மா. பாஸ் இல்லாம உள்ள விட மாட்டாங்க. பீச்சுக்குன்னா ஆட்டோ புடிச்சி மெரினா போயிடுங்க."

"கடலு இங்கனதான தெரியுது?"

"தெரியும்மா. தெரிஞ்சா?"

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் நம்பவில்லை.

"அவன் வாசல்ல நிக்கவன், வாசலத்தான் சொல்லுவான். தள்ளிப் போனா ஒரு சந்து இருக்கும்" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நாங்கள் பார்த்த எந்த வேலியிலும் ஒரு சந்து இல்லாமல் இருந்ததில்லை. நடந்தோம். சுவர் முடியவில்லை. வெயில் ஏறியது. லாரிப் புகையில் அவளுக்கு இருமல் வந்தது. திரும்புவோம் என்று மகள் கெஞ்சினாள். "நீ போடி" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. கால் அதைத் தாண்டும் அளவுக்கு எழும்பவில்லை. முகங்குப்புற விழுந்தாள்.

தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தோம். முட்டியில் ரத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது. அவள் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "கையக் குடுங்க" என்றாள். அந்த வியாதி வந்த பிறகு அவளாகக் கை கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு அவள் ரூமை விட்டு வெளியே வரவில்லை. மெரினாவுக்கு ஆட்டோவில் போவோம் என்று மகள் எவ்வளவோ சொன்னாள்.

"ஆட்டோல போயி எறங்கிப் பாக்கதுக்குத் திருச்செந்தூரே போதும்ட்டி."

மாடிப் படி ஏறவும் முடியவில்லை. நான் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். "கெடக்கா?" என்று கேட்பாள். "கெடக்கு" என்பேன். விடுமுறை இப்படிக் கழிந்தது.

உங்கள் கவுன்டரில் இருந்தவரிடம் போய்க் கத்தினேன். நடுவயது ஆள். என் பேச்சைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, நான் ஓட்டப்பிடாரம் பக்கந்தான். ஒரு வெசயம் சொல்லுதேன், கோவப்படாதீங்க. நம்மூர் ஆளுவ போன் போட்டா மொத கேள்வியே கடலு தெரியுமான்னுதான். தெரியும்னு சொல்லிட்டாப் போதும், வழி கேக்க மாட்டாவ. நான்தான் ஒருநா மொதலாளிட்ட இத வெளையாட்டாச் சொன்னேன். மறுவாரமே மாடில நின்னு போட்டோ எடுத்துப் போட்டுட்டாரு."

"நடந்து போகலாம்னு போன்ல சொன்னது யாரு?"

"அப்படித்தான் சொல்லச் சொல்லிருக்காவ."

அவரை விட்டுவிட்டேன். அவர் சோற்றுக்கு வந்தவர். நீங்கள் அப்படி இல்லை. எங்கள் ஆட்கள் எதை நம்பி ஏமாறுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் படம் பிடித்து மாட்டியவர் நீங்கள்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் அவள் கால் நின்றுவிட்டது. விழுந்ததால் நின்றது என்று நான் சொல்லவில்லை. எப்படியும் நின்றிருக்கும், டாக்டர் சொன்னதுதான். இப்போது சக்கர நாற்காலி. கரிசல் மண்ணில் மழை பெய்தால் அது வாசலைத் தாண்டாது, சக்கரத்தில் மண் அப்பிக்கொள்ளும். வாசலில் இருந்தபடி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் உங்களை விட்டிருப்பேன். இந்த உலகத்தில் ஏமாற்றுகிறவன் நீங்கள் ஒருவர் மட்டுமா? விதைக் கடையில் ஏமாற்றுகிறான், மருந்துக் கடையில் ஏமாற்றுகிறான். ஆனால் அவள் மனசுக்குள் இன்னும் அந்தச் சுவரை ஒட்டி நடந்துகொண்டிருக்கிறாள். சாப்பிடும்போது திடீரென்று சொல்வாள்:

"நான் விழுந்த எடத்துலருந்து இன்னுங் கொஞ்சம் போயிருந்தா வழி வந்திருக்கும். வழி இல்லாமயா அவிய எழுதிப் போடுவாவ? ஏங் காலுதான் கெடுத்துட்டு."

வழியே கிடையாது, அது பொய் என்று நானும் மகளும் சொல்லிப் பார்த்தாயிற்று. ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைக்கிறாள். எழுதிப் போட்ட உங்களை நம்புகிறாள், கூடவே நடந்த எங்களை நம்பவில்லை. அவள் கால் போனது வியாதி. அந்தக் கால் தோற்றுப்போனது என்று அவள் நினைக்கிறாளே, அது நீங்கள் செய்தது.

நெட்டில் உங்கள் ஹோட்டல் பக்கத்தில் மகள் இதையெல்லாம் எழுதிப் போட்டாள். 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக' என்று பதில் வந்தது. படம் அப்படியே இருக்கிறது. அந்த வரியும் அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர்ப்பக்கம் யாரோ இப்போதுகூட அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு நன்றி வேண்டாம். காசும் வேண்டாம். போனில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், எடுக்க மாட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே, எல்லோரும் படிக்கிற இடத்தில் பதில் எழுதுங்கள். உங்கள் ஹோட்டல் வாசலில் இறங்கி, எந்தத் தெரு வழியாக, சுவரில் எந்த இடத்தில் நுழைந்து, ஒரு பெண் கடலுக்கு நடந்து போவது? வழி இருந்தால் காட்டுங்கள். இல்லை என்றால், வழி இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று தமிழில் எழுதிப் போடுங்கள். என் மனைவிக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.